அப்பாவின் பழைய கியூ: வளைந்துவிட்டதா? திருத்தலாமா, விற்கலாமா?

கொட்டாஞ்சேனைக்காரன் | ஞாயிறு, இரவு 9.20

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க என்று அலுமாரியை நகர்த்தினோம். பின்னால் சுவரோடு சாய்ந்தபடி அப்பாவின் பில்லியர்ட்ஸ் கியூ, பந்தை அடிக்கும் தடி. அவர் போய் இரண்டு வருடம். விளையாட்டை விட்டு இருபது வருடமாவது இருக்கும். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதியவர். கடை பூட்டியதும் வீட்டுக்கு வராமல் நேரே மேசைக்குப் போய்விடுவார் என்று அம்மா இப்போதும் குறைப்பட்டுக்கொள்வார்.

ஒரே தடி, நடுவில் கழற்றும் மூட்டு கிடையாது. நீளம் 146 சென்டிமீட்டர். பிடிக்கும் பக்கம் கறுப்பு மரம். அது நான்கு நாக்குகளாக மேலே ஏறி வெளிறிய மரத்துக்குள் மறைகிறது. பின்நுனியில் ஒரு பக்கத்தைச் சீவித் தட்டையாக்கி, சிறிய வெள்ளைத் தகடு பதித்திருக்கிறார்கள். தகட்டில் ஜோ டேவிஸ் என்ற பெயர் தெரிகிறது, கீழ்வரி தேய்ந்துவிட்டது. பக்கத்தில் 16½ என்று குத்தியிருக்கிறது. அடியில் வட்டமாக ஒரு தோல் ஒட்டியிருக்கிறது. முன்நுனியில் பித்தளை வளையம், அது ஆடுகிறது. பந்தில் படும் தோல் டிப் காய்ந்து ஓடாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையில் உருட்டிப் பார்த்தேன், தடக் தடக் என்று துள்ளுகிறது. வளைந்துவிட்டதா? தளபாடங்களுக்குப் பொலிஷ் போடும் ஒருவர், தேய்த்து வார்னிஷ் அடித்துப் புதுசாக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? வேறொருவர் பார்த்த கையோடு 15,000 ரூபா தருகிறேன் என்றார். ஜோ டேவிஸின் கியூ என்றால் அது மிகக் குறைவு இல்லையா?

நீலச் சோக் | ஞாயிறு, இரவு 9.34

பொலிஷ்காரரிடம் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு கதைக்கலாம். முதலில் அந்த ஆளை நிறுத்துங்கள்.

வெள்ளவத்தை 57 | ஞாயிறு, இரவு 10.05

நீங்கள் உருட்டியதில் துள்ளியது வளைவு இல்லை, அந்தத் தகடு பதித்த தட்டையான இடம். பழைய இங்கிலாந்துக் கியூக்களில் அப்படித்தான் சீவி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அந்தத் தட்டை மேசையில் வந்து விழும். இதைக் கேட்டு "கோணிப்போச்சு" என்று நல்ல கியூவைத் தூக்கி மூலையில் போட்டவர்கள் எத்தனை பேர்!

சரியாகப் பார்க்க வேண்டும் என்றால், தட்டையான பகுதி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உருண்டையான பகுதி மட்டும் மேசையில் கிடக்கட்டும். சாப்பாட்டு மேசை வேண்டாம், அதுவே நேராக இருக்காது. பில்லியர்ட்ஸ் மேசைக்குத் துணியின் கீழே கற்பலகை இருப்பதால் அதை நம்பலாம். மெதுவாக உருட்டிக்கொண்டு, தடிக்கும் துணிக்கும் நடுவே தெரியும் வெளிச்சக் கீற்றைப் பாருங்கள். கீற்று இருப்பதில் தவறில்லை, கியூ கூம்பாகச் சீவப்பட்டது. உருள உருள அது அகன்று ஒடுங்கினால்தான் வளைவு.

மேசை கிட்டத்தில் இல்லை என்றால், பின்நுனியைக் கன்னத்தோடு வைத்து ஒரு கண்ணை மூடி, குழல் விளக்கைப் பார்த்தபடி தடியைத் திருப்புங்கள். மரத்தின் மேல் ஓடும் வெளிச்சக் கோடு எங்காவது ஒடிகிறதா என்று தெரிந்துவிடும்.

மாளிகாவத்தை நானா | திங்கள், காலை 6.50

தம்பி, ஜோ டேவிஸ் கியூ என்பது வேறு, ஜோ டேவிஸின் கியூ என்பது வேறு. அந்த மனிதர் 1927 முதல் 1946 வரை நடந்த உலக ஸ்னூக்கர் போட்டி பதினைந்தையும் வென்றவர். 1955 ஜனவரியில் லண்டனில் 147, அதாவது ஒரே தவணையில் எடுக்கக்கூடிய முழுப்புள்ளியும், அடித்தவர். அவருடைய பெயரைத் தகட்டில் போட்டால் கியூ விற்கும் என்று கொம்பனிக்காரனுக்குத் தெரியாதா? தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து அனுப்பினார்கள். பிரித்தானியர் இருந்த ஊர்களில் எல்லாம், நம்முடைய கிளப்புகள் உட்பட, அந்த மாதிரி கியூக்கள் ரேக்கில் நின்றன.

கொழும்பில் இதைவிடப் பெரிய பகிடி ஒன்று உண்டு. எங்கே ஒரு பழைய கியூ கிடைத்தாலும் "இது லாபீர் பாவித்தது" என்பார்கள். எம்.ஜே.எம். லாபீர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார், அது நம் எல்லாருக்கும் பெருமை. ஆனால் எனக்குக் காட்டப்பட்ட "லாபீர் கியூ" எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் ஒரு வேலியே அடைக்கலாம்.

உங்கள் வாப்பாவின் கியூ என்பது மட்டும் நிச்சயம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன் | திங்கள், இரவு 8.15

நன்றி நானா. பொலிஷ்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

குழல் விளக்கில் பார்த்தேன். முக்கால்வாசி நேராக இருக்கிறது, நுனியிலிருந்து ஓரடி தூரத்தில் மெல்லிய வளைவு. தகடு மேலே பார்க்கும்படி பிடித்தால் நுனி கீழே தொங்குவது போல் தெரிகிறது.

குசினித் தராசில் நிறுத்தேன், 486 கிராம். 16½ என்பது அவுன்ஸ் என்றால் கணக்கு ஒத்துவரவில்லையே?

பஞ்சிகாவத்தை லேத் | திங்கள், இரவு 8.40

16½ அவுன்ஸ் என்றால் 468 கிராம். உங்களுடையது 18 கிராம் கூட. ஈயம் போட்டிருக்கிறார்கள். அடியில் துளை போட்டு ஈயத்தை இறக்கி மூடுவது பழைய வேலை. பின்பாரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன். அந்தத் தோல் வட்டத்தை உரித்துப் பாருங்கள், கீழே துளை இருக்கும்.

முதிரை | திங்கள், இரவு 9.10

உரிக்க வேண்டாம். ஈயமும் இல்லை ஒன்றும் இல்லை. அது தண்ணீர்.

நான் வவுனியாப் பக்கம், இப்போது மொறட்டுவையில் தச்சுவேலை. மரம் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். இங்கிலாந்தில் வடிவாகக் காய்ந்து, நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரத்தோடு அந்தக் கியூ 468 கிராம் நிறுத்திருந்தால், அதில் மரம் மட்டும் கிட்டத்தட்ட 425. கொழும்புக் காற்றில், அதுவும் சுவரோரம், ஈரம் பதினான்குக்குப் போனால் 425 என்பது 485 ஆகும். உங்கள் தராசு காட்டுவது 486. வேறென்ன வேண்டும்?

பஞ்சிகாவத்தை லேத் | திங்கள், இரவு 9.18

கணக்கு வடிவுதான். ஆனால் அடிப்பக்கம் கருங்காலி. அது அப்படிச் சுலபமாகத் தண்ணீர் குடிக்காது, தண்ணீரில் போட்டால் தாழும் மரம். மேலே பழைய எண்ணெய்ப் பூச்சு வேறு. முழுக்கியூவும் ஸ்பொஞ்ச் மாதிரிக் குடித்தது என்றால் நான் நம்பமாட்டேன்.

வெள்ளவத்தை 57 | திங்கள், இரவு 9.50

சண்டை வேண்டாம். வீட்டில் ஏசி அறை இருந்தால் மூன்று கிழமை அங்கே படுக்கையாக வையுங்கள். பாரம் குறைந்தால் முதிரை சொல்வது சரி, குறையாவிட்டால் லேத். ஏசியின் காற்று நேரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் வளைவு கூடும்.

நுனி வளைவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தகடு எப்போதும் ஒரே பக்கம் பார்க்கும்படி பிடித்து ஆடுவதுதான் வழக்கம், அதற்காகவே அந்தத் தட்டை கைக்குத் தட்டுப்படும். வளைவு மேல்கீழாக இருந்தால் குறி இடம் வலம் போகாது. பக்கவாட்டில் இருந்திருந்தால் வேறு கதை. சூடு காட்டி முழங்காலில் வைத்து நிமிர்த்துகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். அன்று நிமிரும், அடுத்த மழைக்குத் திரும்ப வளையும்.

நீலச் சோக் | செவ்வாய், மதியம் 1.05

பொலிஷ்காரர் வேண்டாம் என்று அவசரப்பட்டதற்குக் காரணம் சொல்லவில்லை. எனக்கு நடந்தது. மாமா கொடுத்த கியூ ஒன்றைப் பல வருடங்களுக்கு முன் ஒரு தளபாடப் பட்டறையில் கொடுத்தேன். "டிப்பில் தடவும் சோக்கின் கறை போகவேண்டும்" என்று மட்டும்தான் சொன்னேன். திரும்பி வந்தபோது கலியாண வீட்டுக் கதிரை மாதிரிப் பளபளத்தது. மெஷினைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நுனி 10 மில்லிமீட்டரிலிருந்து ஒன்பதுக்குக் கீழே போய்விட்டது. பித்தளை வளையம் மரத்தைவிடப் பருத்து, விரலுக்கு நடுவில் படி மாதிரித் தட்டியது. வார்னிஷ் கையில் ஒட்டியது. தகட்டு எழுத்து அரைவாசி காணோம். அவர்களுக்குக் கோபம் வேறு: "இவ்வளவு வேலை செய்திருக்கிறோம், நன்றி சொல்லவில்லையே!"

தேய்த்த மரம் திரும்ப வளராது. அழுக்கு எடுக்க ஈரத்தைப் பிழிந்த துணி போதும். துடைத்த உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். சின்னப் பள்ளம் ஏதாவது இருந்தால் அதன் மேல் ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான அயனின் முனையை இரண்டு விநாடி வையுங்கள். நசுங்கிய நார் ஆவி குடித்து எழும்பும். வெட்டுப்பட்ட இடம் எழும்பாது, நசுங்கியது எழும்பும். அப்புறம் காய்ந்தபின் லின்சீட் எண்ணெய், துளித் துளியாக, உள்ளங்கையால் சூடு வரும்வரை.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது தானாகச் சூடாகும், சுருட்டின துணி தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு அல்லது தண்ணீரில் நனைத்து எறியுங்கள்.

பூல் மட்டும் | செவ்வாய், இரவு 7.30

இந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு பாடு? கார்பன் ஃபைபர் தடி வாங்கினால் வளையாது, தண்ணீர் குடிக்காது, தேய்க்கத் தேவையில்லை. என்னுடையது கார் டிக்கியிலேயே கிடக்கிறது.

மாளிகாவத்தை நானா | செவ்வாய், இரவு 7.42

வளையாது, சரி. எறிந்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

பூல் மட்டும் | செவ்வாய், இரவு 8.20

நானா, நான் மரத்துக்கு எதிரி இல்லை. பூல், அதுதான் அமெரிக்க வகை பில்லியர்ட்ஸ், அந்த உலகத்திலும் மரத்துக்குத்தான் மரியாதை. ஜார்ஜ் பலபுஷ்கா என்று ஒருவர், 1912இல் ரஷ்யாவில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போனவர். 1959 வாக்கில் கியூ செய்ய ஆரம்பித்து 1975இல் காலமாகும்வரை செய்தார். ஆரம்பத்தில் அவர் அடிப்பாகத்தை முழுதாகத் தானே செய்யவில்லை. பிரன்ஸ்விக் கொம்பனியின் டைட்லிஸ்ட் என்ற கியூவை வாங்கி, அதில் இரண்டு மரம் இணைத்த அடிப்பாகத்தைத் திரும்பக் கடைந்து தன் கியூவாக்கினார். கிளப்பில் யாரும் எடுத்து ஆடும் தடி, அவர் கைபட்டதும் வேறு சாமானாகிவிட்டது. இன்று அவருடைய கியூ என்று உறுதியானால் சேகரிப்பாளர்கள் அள்ளிக் கொடுப்பார்கள். அதனால்தான் போலியும் நிறைய.

ஸ்னூக்கர்காரர்கள் சொல்லும் அளவுகள் எங்களுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூல் பந்து பெரிது, பாரம் கூட. டிப் 13 மில்லிமீட்டர் அளவு, கியூ 19 அவுன்ஸ் பக்கம், தடி மேப்பிள் மரம், நுனி வளையம் பித்தளை இல்லை. நடுவில் மூட்டு, பிடியில் நூல் சுற்று. அந்த நூல் சுற்று பழசு என்பதற்காக மாற்றினால்கூடச் சிலர் விலையைக் குறைப்பார்கள்.

வெள்ளவத்தை 57 | செவ்வாய், இரவு 9.00

இங்கே விவரம் கேட்டவருடைய தடி ஆஷ் மரமாக இருக்கவேண்டும். உற்றுப் பாருங்கள், தகட்டுப் பக்கத்தில் மரத்தின் ரேகைகள் அம்புமுனை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நுனிவரை ஓடுகிறதா? அம்புகள் இருந்தால் ஆஷ். ரேகையே கண்ணுக்குத் தெரியாமல் வெண்ணெய் மாதிரி இருந்தால் மேப்பிள்.

கறுப்பு நாக்குகளின் முனை எப்படி, கூரா மொட்டையா?

கொட்டாஞ்சேனைக்காரன் | செவ்வாய், இரவு 9.25

அம்பு இருக்கிறது, ஏழு எண்ணினேன். நாக்குகளின் முனை கூர் இல்லை, வெற்றிலை நுனியை மழுக்கியது போல் வளைவு. நான்கும் ஒரே உயரமும் இல்லை, ஒன்று விரற்கடை குட்டை.

வெள்ளவத்தை 57 | செவ்வாய், இரவு 9.40

அப்போது அது கையால் இணைத்தது. ஆஷ் தடியின் ஒரு பக்கத்தைச் சாய்வாகச் சீவி, அந்தத் தட்டையில் கருங்காலிப் பலகையை ஒட்டி, காய்ந்தபின் அடுத்த பக்கம் சீவி, இப்படி நாலு தடவை. பிறகு முழுவதையும் உருண்டையாகச் சீவும்போது பலகையின் முனை வளைவாக வெளிப்படும். மெஷினில் வெட்டிச் செருகினால் முனை ஊசியாக, நாலும் அச்சடித்தது போல் ஒரே அளவாக இருக்கும். இன்னும் மலிவானதில் நாக்கே இருக்காது, படம் ஒட்டி மேலே லாக்கர் அடித்திருப்பார்கள். அந்த ஒரு விரற்கடை குட்டைக்காக யாரும் விலை குறைக்கமாட்டார்கள், கையின் அடையாளம் அது.

கருங்காலிக்கும் ஆஷுக்கும் நடுவே நகத்தை ஓட்டுங்கள். எங்காவது நகம் சிக்கினால் பசை விட்டிருக்கிறது.

முதிரை | புதன், காலை 6.10

அந்தக் கருங்காலி நம்முடைய காட்டிலிருந்தே போயிருக்கலாம். இங்கிருந்து கப்பலில் போய், கியூவாகித் திரும்பி வந்திருக்கிறது.

நீலச் சோக் | புதன், காலை 8.30

கேட்க நல்லாயிருக்கிறது. ஆனால் ஆபிரிக்கக் கருங்காலியும் அங்கே போனது. கறுப்பைப் பார்த்து ஊர் சொல்ல முடியாது.

முதிரை | புதன், இரவு 8.00

சரி, சொல்லவில்லை. ஆனால் இங்கே இதைப் படிப்பவர்கள் யாராவது "கருங்காலி வாங்கிக் கியூ செய்வோம்" என்று கிளம்பாதீர்கள். இலங்கையில் கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம். பச்சை மரம் யாராவது காட்டினால் விலகிப் போங்கள். என்னிடம் இருப்பது உடைந்த பழைய கதிரைக் கால்கள், அதில் வெட்டி எடுத்த துண்டுகள்தான். அதுவும் நல்லதுதான், நூறு வருடம் காய்ந்தது.

ஊர் மரத்தில் கியூ செய்யமுடியாதா என்று கேட்பார்கள். செய்து பார்த்தேன். என் பெயரே முதிரை, அதனால் முதிரையில். முழுத்தடியும் முதிரையில் கடைந்ததும் பார்க்கக் கண்கொள்ளவில்லை, தங்க நிறம். கையில் எடுத்தால் மண்வெட்டி. ஆஷைவிட முதிரை மிகவும் பாரம், முன்பக்கம் கனத்துக் குனிகிறது. ரேகை வேறு குறுக்கும் மறுக்குமாகப் பின்னியிருக்கும், சீவுளி ஓட ஓடப் பிய்த்துக்கொண்டு வரும். பிடிப்பக்கத்துக்கு முதிரை அருமை. தடிக்கு வெளிநாட்டு ஆஷ் அல்லது மேப்பிள்தான். அதில் நம் ஊர்ப்பற்று செல்லாது.

கொட்டாஞ்சேனைக்காரன் | வெள்ளி, இரவு 10.10

நகம் எங்கும் சிக்கவில்லை. ஏசி அறையில் அலுமாரிக்கு மேல் படுக்க வைத்திருக்கிறேன்.

பொறுமை இல்லாமல் டிப் மட்டும் மாற்றப் பார்த்தேன், சொதப்பிவிட்டேன். பழையதைப் பிளேடால் அரிந்து எடுத்தேன். புதியதற்குச் சூப்பர் குளூ விட்டு அழுத்தினேன், குளூ வழிந்து மரத்தில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. மகனின் பள்ளிக்கூடச் சோக்கைத் தடவிக்கொண்டு பக்கத்து வீதி கிளப்பில் ஒரு அடி அடித்தேன். வழுக்கிப்போய்ப் பந்து பாதைக்கு வந்தது, டிப் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று பேர் மேசைக்குக் கீழே தேடினோம்.

நீலச் சோக் | வெள்ளி, இரவு 10.25

பள்ளிக்கூடச் சோக்கா! ஐயோ. என் பெயரையே அவமதித்துவிட்டீர்கள். கியூ சோக் உண்மையில் சோக்கே இல்லை. 1897இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் வில்லியம் ஹொஸ்கின்ஸ் என்ற இரசாயனக்காரரும் காப்புரிமை வாங்கிய கலவை. சிலிக்காவும் குருந்தக்கல் தூளும் போன்ற உரசும் சாமான் அதில் இருக்கிறது, அதனால்தான் தோல் பந்தைப் பிடிக்கிறது. கரும்பலகைச் சோக் வெறும் மா.

பஞ்சிகாவத்தை லேத் | சனி, காலை 9.00

பிழை குளூவில் இல்லை, கீழே இருக்கும் பித்தளையில். ஆடுகிற வளையத்தின் மேல் டிப் ஒட்டினால் நிற்குமா? முதலில் வளையம். அடியைத் தரையில் ஊன்றி, தடியை உள்ளங்கையால் தட்டிக் கேளுங்கள். 'சிர்ர்' என்று ஒரு சத்தம் வந்தால் வளையம் கழன்றிருக்கிறது.

ஒரு கடைச்சல் பட்டறைக்குப் போங்கள், ஆனால் புதிய வளையம் கடையச் சொல்லாதீர்கள். பழையதே வேண்டும். சூடான தண்ணீரில் நனைத்த துணியை வளையத்தில் மட்டும் சுற்றி, பழைய பசை இளகியதும் முறுக்காமல் நேரே இழுத்தால் வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், விளிம்பில் மெல்லிய குளூ ஒரு துளி விட்டால் தானே உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வந்தால், உள்ளே சுரண்டிச் சுத்தமாக்கி, மெதுவாகக் காயும் எபொக்சி. ஒரு நாள் தொடாதீர்கள்.

அடுத்தது வளையத்தின் முகம். ஒரு தட்டையான மரக்கட்டையில் நைஸ் சாண்ட்பேப்பரை ஒட்டி, கியூவைச் செங்குத்தாகப் பிடித்து எட்டுப் போடுவது போல் நாலைந்து தடவை. முகம் கண்ணாடி மாதிரித் தட்டையாக வரவேண்டும், வளையமும் உள்ளே இருக்கும் மரமும் ஒரே மட்டம். டிப்பின் கீழ்ப்பக்கத்தையும் அதே தாளில் உரசுங்கள். வளையத்தைவிட அரை மில்லிமீட்டர் பெரிய டிப் எடுங்கள். ஜெல் வகைக் குளூ, நடுவில் ஒரு துளி, தண்ணீர் மாதிரி ஓடுவது வேண்டாம். வளையத்துக்குக் கீழே மரத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டினால் வழிந்தாலும் மரத்தில் படாது. அழுத்திப் பிடித்து நூறு எண்ணுங்கள். எண்ணி முடித்துவிட்டு அன்று ஆடாதீர்கள்.

மறுநாள் கியூவைத் தலைகீழாக, டிப் பலகையில் படும்படி ஊன்றி, கூரான கத்தியால் மேலிருந்து கீழே மிஞ்சின தோலை அரியுங்கள். கத்தி பித்தளையின் வழியே சறுக்கி வரும், தோல் மட்டும் சுருள் சுருளாக விழும். விளிம்பில் கொஞ்சம் எச்சில் தொட்டு, கடதாசியால் சுற்றி வேகமாகத் தேய்த்தால் கறுத்து இறுகும். கடைசியாகச் சாண்ட்பேப்பரால் தலையைக் குவிமாடமாக்குங்கள். ஒரு நாணயத்தைப் பக்கத்தில் நிறுத்தி வளைவை ஒப்பிட்டால் போதும்.

பூல் மட்டும் | சனி, காலை 9.45

எங்கள் ஆட்கள் சிலர் டிப்பைப் பாலில் ஊறவைத்து, குறட்டில் நசித்து, காயவைத்துப் பாவிக்கிறார்கள். கேட்டால் இறுகி நிற்கும் என்பார்கள். நானும் ஒரு தடவை செய்தேன். இறுகியது உண்மை. வீட்டில் இரண்டு நாள் மணத்துக்கு யார் காரணம் என்று விசாரணை நடந்ததும் உண்மை.

வெள்ளவத்தை 57 | சனி, மாலை 4.30

விலை கேட்டிருந்தீர்களே, அதை யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. எண் சொல்ல மாட்டேன், எதைப் பார்த்து விலை வைப்பார்கள் என்று சொல்கிறேன். முதலில் நீளம். பழைய கியூக்கள் பலவற்றில் நுனி உடைந்து வெட்டிக் குட்டையாக்கியிருப்பார்கள், 146 என்பது நல்ல நீளம். இரண்டாவது, நடுவில் வெட்டி மூட்டுப் போடாதது. பஸ்ஸில் கொண்டுபோக வசதி என்று எத்தனையோ நல்ல ஒற்றைத்தடிகளை அறுத்தார்கள். சேகரிப்பவருக்கு அது பாதி செத்த கியூ. நீங்கள் தப்பித்தீர்கள். நாக்குகள் கையால் ஒட்டியவை, பசை விடவில்லை. பூச்சு பழசு. தகட்டின் கீழ்வரி போனது ஒரு குறை. கொம்பனிப் பெயர் தெரிந்திருந்தால் வாங்குபவர் இன்னும் ஏறி வருவார். தகட்டை மட்டும் பிரஸோ போட்டு மினுக்கிவிடாதீர்கள், மிச்ச எழுத்தும் போய்விடும்.

15,000 சொன்னவர் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பார்த்த கையோடு விலை சொல்பவர் எதையோ பார்த்திருக்கிறார்.

மாளிகாவத்தை நானா | சனி, இரவு 7.00

விற்காதே தம்பி. விற்றால் அந்தப் பதினையாயிரத்தை ஒரு மாதத்தில் கரண்ட் பில்லுக்குக் கட்டிவிட்டு இருப்பாய். இது விலைக்கணக்கு இல்லை என்று தெரியும். நான் வெள்ளவத்தைக்காரர் மாதிரி நியாயம் பேச வரவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன் | மூன்று கிழமை கழித்து, ஞாயிறு, இரவு 8.50

மன்னிக்கவும், வேலை. வரிசையாகச் சொல்கிறேன்.

வளையம் துணிச் சூட்டுக்குக் கழன்று வந்தது. உள்ளே மரத்தைச் சுற்றிச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது, யாரோ முன்னொரு காலம் இறுக்கியிருக்கிறார்கள். எடுத்துவிட்டு எபொக்சி போட்டேன். தட்டினால் இப்போது 'டொக்' என்று ஒரே சத்தம். இரண்டாவது டிப் நின்றுவிட்டது. நூறு எண்ணச் சொன்னீர்கள், நான் இருநூறு எண்ணினேன்.

இன்று திரும்ப நிறுத்தேன், பழைய டிப்பையும் அதே அளவு வெள்ளித்தாளையும் சேர்த்துத்தான், கணக்குக் கெடக்கூடாது என்று. 479 கிராம். ஏழு கிராம் குறைந்திருக்கிறது. வளைவும் ஒரு மயிரிழை குறைந்தது போல் எனக்குப் படுகிறது. ஆசையாகவும் இருக்கலாம்.

முதிரை | ஞாயிறு, இரவு 8.55

நான் என்ன சொன்னேன்!

பஞ்சிகாவத்தை லேத் | ஞாயிறு, இரவு 8.57

479இல் 468 போனால் 11. அந்தப் பதினொரு கிராமும் ஆவியா?

கொட்டாஞ்சேனைக்காரன் | ஞாயிறு, இரவு 9.30

இருங்கள், இன்னும் முடிக்கவில்லை. ஏசியில் அந்தத் தோல் வட்டத்தின் பசை காய்ந்து, அது தானாகவே ஓரத்தில் எழும்பி நின்றது. நான் உரிக்கவில்லை, முதிரை அண்ணா. தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

கீழே பென்சில் தடிப்பில் ஒரு துளை, சிவப்பு அரக்கால் அடைத்திருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது கடை அரக்கு. கல் பதிக்க வைத்திருப்பார்கள். ஒருநாள் இதைக் குசினி அடுப்பில் உருக்கி என் பால் சட்டியை நாசமாக்கினார், ஏனென்று கேட்டால் சொல்லவேயில்லை" என்றார். சட்டிக்காக இப்போதும் கோபம்.

அரக்கின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்தது. ஊசியால் அழுத்தினேன். ஊசி இறங்கியது, குழி விழுந்தது. அப்படியே விட்டுவிட்டு, தோலைத் திரும்ப ஒட்டிவிட்டேன்.

பஞ்சிகாவத்தை லேத் | ஞாயிறு, இரவு 9.32

ஈயம். முதல் நாளே சொன்னேன்.

முதிரை | ஞாயிறு, இரவு 9.36

பதினொன்று உங்களுக்கு, ஏழு எனக்கு. ஏழைத் தரமாட்டேன்.

மாளிகாவத்தை நானா | ஞாயிறு, இரவு 9.50

சனிக்கிழமை பின்னேரம் கியூவைக் கொண்டு வாங்க தம்பி, மேசை என் செலவு. சோக் நான் கொண்டு வருகிறேன்.